வாய் திறந்தேன், பேசவில்லை

நண்டுக் காலைப் பல்லால் உடைக்காதே என்று அம்மா முதன்முதலில் சொல்லி 35 வருடமாவது இருக்கும். அவ பல்லை நினைத்துச் சொல்லவில்லை. "பொம்பிளைப் பிள்ளை, நாலு பேர் இருக்கிற இடத்தில கறுமுறெண்டு கடிக்கிறது வடிவே?" என்பதுதான் அவவின் கவலை. நான் கேட்கவில்லை. கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் நண்டை முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்துவிட்டு, அதன் பெரிய காலை அம்மியில் தட்டி, கரண்டிக் காம்பால் கிண்டித் தின்பது நண்டுக்குச் செய்கிற அவமரியாதை என்பது என் கட்சி. போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்சி தோற்றது. வலது கடைவாயில் 'டக்' என்றது. உடைந்தது நண்டா பல்லா என்று நாக்கால் தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது. மிச்ச நண்டையும் தின்று முடித்தேன்.

வலி தொடங்கியது மூன்று நாள் கழித்து.

எங்கள் திருகோணமலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஏழு கிணறு, ஏழிலும் சூடு ஒரே மாதிரி இராது. வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனால் உடம்பே வித்தியாசத்தைச் சொல்லும். பல்வலியும் அப்படித்தான். ஐஸ்கிறீமுக்குக் கூசுவது ஒன்று. இராத்திரி தலையணையில் சாய்ந்தவுடன் விண்விண்ணென்று தெறிப்பது வேறொன்று. முரசு வீங்கி உளைவது இன்னொன்று. எனக்கு வந்தது நான் அதுவரை இறங்காத எட்டாவது கிணறு. பாணின் கரையைக் கடிக்கும்போது ஒன்றுமில்லை; கடித்துவிட்டுப் பல்லை எடுக்கிற அந்தக் கணத்தில் ஊசி ஏற்றியதுபோல ஒரு குத்து. பச்சைத்தண்ணீர் பட்டால் சுரீர் என்று வந்து நாலைந்து செக்கனில் போய்விடும். சுடச்சுடப் பிளேன்ரீ குடித்தால் ஒன்றுமே இல்லை. இவ்வளவையும் மனதில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். கேட்பார்கள் என்று நினைத்தேன்.

அப்படி நினைக்க என்னைப் பழக்கியவர் எங்கள் பழைய பல் டொக்டர். 17 வருடம் அவரிடம்தான் போனேன். டச் பே கடற்கரைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், தன் வீட்டின் முன் அறையையே கிளினிக் ஆக்கியிருந்தார். பேராதனையில் படித்தவர், அவர் படித்த காலத்தில் நாட்டில் பல் மருத்துவம் படிக்க இருந்த ஒரே இடம் அது. கதிரையில் ஏறி இருந்ததும் வாயைத் திறக்கச் சொல்லமாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் இருந்துகொண்டு, "சொல்லுங்கோ ரீச்சர்" என்பார். நான் கதை சொல்லுவேன். எப்போது தொடங்கியது, எதைத் தின்றபோது, இராத்திரி நித்திரை வந்ததா, பிரஷர் குளிசை மாற்றினார்களா. வாயைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். அப்போதும் வலிக்கிற பல்லுக்கு நேரே போகமாட்டார். நாக்கை நீட்டச் சொல்லித் துணியால் பிடித்து இரண்டு கரையையும் பார்ப்பார். கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் தடவுவார். "நான் வெத்திலை போடுறேல்லையே டொக்டர்" என்று ஒருமுறை சொன்னேன். "எல்லாருக்கும் பாக்கிறதுதான்" என்றார்.

அந்தத் தடவலின் பெறுமதி அப்பம்மாவால் எனக்குத் தெரியும். வெற்றிலை போட்டுப் போட்டு வாய் சிவந்த மனுசி. கட்டுப்பல் உரசுகிறது என்று அவவைக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் கட்டுப்பல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு தடிப்பு இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார். அங்கே சின்னதாக வெட்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். நேரத்தோடு பிடிபட்டதால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இந்த நாட்டில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது, பெண்கள் அதற்கு விலக்கும் இல்லை. புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று அப்பம்மா கடைசிவரை வாதாடினா. பாக்குத் தனியாகவே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004 இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. டொக்டர் இதைச் சொன்னபோது அப்பம்மா, "அவையள் வெத்திலை போட்டுப் பாத்தவையே?" என்று கேட்டா.

அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. வலித்தால் இடது கையை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் மெஷின் நிற்கும். ஒருமுறை மூக்கு அரித்ததற்குக் கையைத் தூக்கினேன், அதற்கும் நிறுத்தினார்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள். இவருக்கு வயதும் போய்விட்டது. மகளிடம் கனடாவுக்குப் போனார். கடைசியாகப் போனபோது என் அட்டையைக் கையில் தந்து, "புது டொக்டரிட்டைக் குடுங்கோ ரீச்சர்" என்றார். 17 வருடத்து வாய் அந்த அட்டையில் இருக்கிறது. மேலே சிவப்பு மையில் ஒரு வரி: பென்சிலின் ஒத்துவராது.

சரி, புது டொக்டர். அவரை எப்படித் தேர்ந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாடசாலை ஓய்வறையில் மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள். என்ன நல்லம் என்று கேட்டேன். ஒருவர் "ஏசி" என்றார். மற்றவர், வாகனம் விட இடமிருக்கு என்றார். மூன்றாமவரின் மகளுக்கு அங்கே பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், பிள்ளைக்கு இப்போது வடிவான சிரிப்பு. வீட்டில் இவர் மட்டும், "ஆஸ்பத்திரியிலயே காட்டலாமே" என்றார். காலையில் லீவு எடுக்க ஏலாது, வரிசையில் யார் நிற்பது என்று நான்தான் தட்டிக் கழித்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் 5.30க்கு வரச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, சுவர் முழுக்க வெள்ளைக்காரரின் சிரிப்பு. அந்தச் சிரிப்புகளில் இருந்த நிறத்தில் எங்கள் ஊரில் ஒருவருக்கும் பல் இருந்து நான் கண்டதில்லை. பல்லின் வெளி ஓடான மிளிரியின் கீழே இருக்கும் பகுதி இயல்பிலேயே மஞ்சள், அதனால் நல்ல பல்லுக்கும் கொஞ்சம் மஞ்சள் இருக்கத்தான் செய்யும். வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை என்னைக் கண்டதும் எழுந்து நின்றது. "மிஸ்!" பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்த பிள்ளை. ஒரு படிவம் தந்தது. பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், அதில் வாட்ஸ்அப் உண்டா. பிரஷர் இருக்கா, சீனி வருத்தம் இருக்கா, எந்த மருந்து ஒத்துவராது, ஒரு கேள்வியும் இல்லை. "இவ்வளவுதானா பிள்ளை?" என்றேன். "இவ்வளவுதான் மிஸ்." அட்டையை நீட்டினேன். "அதை உள்ள டொக்டரிட்டைக் குடுங்கோ மிஸ்."

5.30 என்றது 7.10 ஆனது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் 5.30 என்றால் 5.30க்குப் பிறகு என்றுதான் அர்த்தம்.

டொக்டருக்கு 30 வயதுக்கு மேல் இராது. "வாங்கோ அன்ரி" என்றார். எனக்கு 46. அந்த அன்ரியை நான் இன்னும் முழுதாக விழுங்கவில்லை, அது வேறு வழக்கு. கதிரை தானாகச் சாய்ந்தது. முகத்துக்கு மேல் விளக்கு வந்தது.

"எந்தப் பல்லு?"

"கீழ வலது பக்கம் டொக்டர். போன கிழமைக்கு முதல் கிழமை நண்டு..."

"திறங்கோ."

நண்டு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

கொக்கி மாதிரி ஒரு கம்பியால் இரண்டு மூன்று இடத்தில் சுரண்டினார். உதவிக்கு நின்ற பிள்ளையிடம், "46, 47, 36" என்றார், லொத்தர் இலக்கம் வாசிப்பதுபோல. பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வாயை நாலாகப் பிரித்து, மேல் வலதிலிருந்து சுற்றிவந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் நடுவிலிருந்து பல்லை எண்ண வேண்டும். நாலாவது பகுதியில் ஆறாவது பல் 46. என் வயதும் அந்தப் பல்லின் இலக்கமும் ஒன்று. ஆனால் பல் என்னை விட இளையது, அது முளைப்பது ஆறு வயதளவில்தான்.

"மூண்டு பல்லுக்கும் றூட் கனால் செய்யவேணும் அன்ரி. மேல கிறவுன் போடவேணும்." கல்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார். என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டி நின்றது எண். "முன்பல்லை வெள்ளையாக்கிறதெண்டால் சேத்து ஒரு பக்கேஜ் இருக்கு."

"எக்ஸ்ரே?" என்று கேட்டேன். வாயில் கண்ணாடி இருந்ததால் "எஹ்ஹே" என்று வந்தது.

"அது வேலை தொடங்கேக்க எடுப்பம்."

கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர். அவற்றுக்குள் வழக்கமாக மூன்று குழாய் ஓடும், சிலருக்கு நாலு. றூட் கனால் என்பது அவ்வளவையும் துப்புரவாக்கி நுனிவரை அடைப்பது. அந்த நுனியில் என்ன நடக்கிறதென்று மேலே நின்று சுரண்டிப் பார்த்தால் எப்படித் தெரியும்? இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அந்த நேரம் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், அவர் சொன்ன மூன்றில் இரண்டு பல் எனக்கு வலிக்கவே இல்லை என்பது. அதை யாரும் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

"இண்டைக்கு கிளீன் பண்ணிவிடுவம்" என்று சொல்லும்போதே மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அதிர்ந்து பல்லில் படிந்த கல்லை உதிர்க்கிற நுனி அது. சூடேறாமல் இருக்கக் கூடவே தண்ணீர் பீச்சும். பச்சைத்தண்ணீர். 46க்கு அது பட்டபோது கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. இடது கை தன்பாட்டில் உயர்ந்தது. மெஷின் நிற்கவில்லை. இன்னும் உயர்த்தினேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அன்ரி, முடியுது."

நான் 22 வருடமாகப் படிப்பிக்கிறேன். 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட, பின்வாங்கில் ஒரு கை உயர்ந்தால் முதுகுக்குத் தெரியும். அது தண்ணீர் குடிக்கப் போகவா, சந்தேகம் கேட்கவா, பக்கத்துப் பிள்ளையைக் கோள் சொல்லவா என்பதுகூடப் பாதி தெரியும். என்னவானாலும் திரும்பி "என்னம்மா?" என்று கேட்டே ஆகவேண்டும். அந்தக் கதிரையில் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, நான் கவனிக்காமல் விட்ட கைகள் எத்தனை இருக்கும் என்ற யோசனையும் வந்துபோனது. அந்த யோசனையும் தண்ணீர் அடுத்த தரம் படும்வரைக்கும்தான்.

முடிந்ததும் துண்டு எழுதினார். போன் அடித்தது. போனைக் காதில் வைத்தபடி, "சரியா அன்ரி?" என்றார்.

"ஓம் டொக்டர்" என்றேன்.

"அடுத்த வியாழன் தொடங்குவம்."

"ஓம் டொக்டர். தாங்ஸ் டொக்டர்."

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏறி இறங்க 11 நிமிடம். அட்டை என் கைப்பையிலேயே இருந்தது.

நான் வாய் செத்த மனுசி இல்லை. மீன்காரரிடம் 50 ரூபாவுக்கு அரைமணித்தியாலம் நிற்பேன். பெற்றோர் கூட்டத்தில் அதிபருக்கு மறுத்துப் பேசியிருக்கிறேன். ஆனால் டொக்டரைக் கண்டால் ஓம் தவிர வேறு சொல் வருவதில்லை. டொக்டரிடம் திருப்பிக் கேட்டால் கோபித்துக்கொண்டு மருந்தைப் பிழையாகத் தந்துவிடுவார் என்பதுபோல ஒரு பயத்தோடுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். அம்மா இன்றைக்கும் டொக்டர் எழுதின துண்டை இரண்டு கையாலும்தான் வாங்குவா. பில்லையும் பேசாமல் கட்டினேன். பார்த்ததற்கு ஒரு காசு, நான் கேட்காத கழுவலுக்கு ஒரு காசு.

வெளியே தெருவிளக்கின் கீழ் இரண்டு புள்ளிமான் நின்றன. கோட்டைக்குள் திரிகிற மான்கள் இருட்டினால் ஊருக்குள் இறங்கி வரும், வெளியூர்க்காரர் படம் எடுப்பார்கள், நாங்கள் விலத்திக்கொண்டு போவோம். ஒன்று குப்பையிலிருந்து சோற்றுப் பார்சல் சுற்றிய வாழையிலையை இழுத்துக்கொண்டிருந்தது. மானுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. அந்த இடத்தில் தடித்த முரசுதான், கீழ்ப்பல்லை அதில் அழுத்தி இழுக்கிறது. அது இழுத்த இழுப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மருந்துக்கடையில் துண்டைக் கொடுத்தேன். அந்தத் தம்பி மூன்று மருந்தை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றின் மேல் கையை வைத்தபடி கேட்டார்.

"அக்கா, பென்சிலின் வகை ஏதும் ஒத்துவராமல் இருக்கோ? இது அமோக்ஸிசிலின்."

2011 இல் தொண்டை நோவுக்கு இதே அமோக்ஸிசிலினில் மூன்று குளிசை போட்டு, உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, ஓர் இரவு வார்டில் கிடந்தவள் நான். அந்தத் தம்பிக்கு என் பெயர்கூடத் தெரியாது. ஓம், ஒத்துவராது என்றேன். குளிசை மட்டையைத் திரும்பத் தட்டில் வைத்தார். "டொக்டரைக் கேட்டு மாத்தி எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் நோவுக்குப் பனடோல் போடலாம்."

கோபம் அப்போதுதான் வந்தது. அன்ரிக்கும் வரவில்லை, உயர்த்திய கைக்கும் வரவில்லை, கல்குலேட்டருக்கும் வரவில்லை. இதற்கு வந்தது. அதில் பாதியை என்மேல்தான் போட வேண்டியிருந்தது என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. சிவப்பு மையில் எழுதின அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஓம் டொக்டர், ஓம் டொக்டர் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்தானே.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனேன். காலை 6.45க்கே எனக்குக் கிடைத்த இலக்கம் 31. வாங்கில் ஒரு பக்கம் கன்னம் வீங்கி லேஞ்சியால் தாடையைப் பொத்திக்கொண்டு ஒரு கடற்றொழிலாளி. மறுபக்கம் பால்பல் ஆடுகிற பிள்ளை, ஆட்டி ஆட்டி எல்லாருக்கும் காட்டியது. இவர் சொன்னபோதே வந்திருக்கலாம் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன், வீட்டில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

உள்ளே கதிரையின் உறை கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. இளம் பெண் டொக்டர். முக்காலி போட்டு இருக்க அவருக்கு நேரமில்லை, வெளியே இன்னும் முப்பது நாற்பது பேர். கையுறையை மாற்றிக்கொண்டே கேட்டார்: "எப்பயிருந்து? கடிக்கேக்க நோகுதா, கடிச்சிட்டு விடேக்க நோகுதா? பச்சைத்தண்ணிக்கு வந்தால் எவ்வளவு நேரம் நிக்குது? மருந்து ஏதும் ஒத்துவராதா?"

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நேரமில்லாததால் கேட்கவில்லை என்று இனி யாரும் எனக்குக் காரணம் சொல்ல முடியாது. நான் அட்டையைக் கொடுத்து, நண்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நண்டுக்குச் சிரித்தார்.

பல்லின் ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்னக் கட்டையை வைத்துக் கடிக்கச் சொன்னார், பிறகு விடச் சொன்னார். மூன்று முனை பேசாமல் இருந்தது. நாலாவதில் விட்டபோது கதிரையிலிருந்து எழும்பியேவிட்டேன். குளிர் மருந்து தெளித்த பஞ்சை மூன்று பல்லிலும் மாறி மாறி வைத்து, நோவு எப்போது போகிறது என்று சொல்லச் சொன்னார். கண்ணாடியின் காம்பால் தட்டினார். ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தார். இப்படியான வெடிப்பு எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியாது, வேரின் நுனி சுகமாக இருக்கா என்று பார்க்கத்தான் எடுக்கிறேன் என்று முதலே சொன்னார்.

46இல் ஒரு முனை வெடித்திருக்கிறது. கடிக்கும்போது வெடிப்பு விரியும், விடும்போது மூடும். அப்போது பல்லுக்குள் இருக்கிற நீர் அசைந்து நரம்பைச் சுண்டும். விடும்போது வலித்ததற்குக் காரணம் அதுதான். அந்தப் பல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய அடைப்பு உண்டு. எனக்கு 11 வயதில் பாடசாலைப் பல் கிளினிக்கில், மஹரகமவில் பயிற்சி எடுத்து வந்த மிஸ் ஒருவர் அடைத்தது. பாதிக்குப் பாதி பாதரசம் கலந்த அமல்கம். 35 வருடம் நின்றிருக்கிறது, அந்த மிஸ்ஸின் கைக்கு ஒரு கும்பிடு. ஆனால் அமல்கம் பல்லோடு ஒட்டாது, குழிக்குள் இறுகி நிற்கும், அவ்வளவுதான். சுற்றியிருக்கும் சுவர் மெலிந்துகொண்டே வரும். மெலிந்த சுவரில் நான் நண்டுக்காலை வைத்து உடைத்திருக்கிறேன்.

"மற்ற ரெண்டு பல்லும்?" என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"குளிருக்குச் சரியாத்தான் இருக்கு. நோவில்லையெண்டால் இப்ப நான் கை வைக்கமாட்டன். மற்ற டொக்டர் என்னத்தைக் கண்டாரோ எனக்குத் தெரியாது." அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

வெடித்த முனையைக் கொஞ்சம் ராவி, மேல்பல்லோடு முட்டாமல் செய்துவிட்டார். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத இந்த நோவுக்கு அன்ரிபயோட்டிக் எதுவுமே தேவையில்லை என்றார். கட்டாயம் கிறவுன், அதாவது பல்லை மூடுகிற உறை, போடவேண்டும், அது அந்தக் கிளினிக்கில் செய்வதில்லை, வெளியில்தான் பார்க்க வேண்டும். குளிருக்கு வருகிற நோவு இனிமேல் நின்று நின்று வலிக்கத் தொடங்கினால் றூட் கனால்தான்.

ஆக, 46 விஷயத்தில் அந்த இளம் டொக்டர் சொன்னது கடைசியில் சரியாகவும் வரலாம். அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். கடன் எடுத்துத்தான் அந்தக் கதிரையை வாங்கியிருப்பார், அடைக்கிற பசையிலிருந்து கையுறைவரை எல்லாம் இறக்குமதி, 2022க்குப் பிறகு எதன் விலை இறங்கியது? அதெல்லாம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் கிறவுன் போட வேறு இடம்தான் தேடுகிறேன்.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சிரிக்கிற பல் ஒன்று, கையில் பிரஷ். நாளை உங்கள் முறை என்று எழுதியிருந்தது. பேசாமல் விட்டிருக்கலாம், வழக்கமாக அப்படித்தான் விடுவோம். போனை எடுத்து அடித்தேன். அந்தப் பிள்ளைதான் எடுத்தது.

"நாளைக்கு நான் வரேல்லப் பிள்ளை."

"ஏன் மிஸ்? நோவு நிண்டிட்டுதோ?"

அந்த இடத்திலிருந்து என் நோவைப் பற்றி வந்த முதல் கேள்வி. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "நண்டு சாப்பிட்டனான் பிள்ளை..." என்று தொடங்கினேன்.